உடல் பகையா, துணையா?

ஐதராபாத் நகரத்து உசேன் சாகர் ஏரிக்கரையில், கதிரவன் எழுமுன்னரே மக்கள் நடக்கத் தொடங்கிவிடுகின்றனர். கி.பி. 16-ஆம் நூற்றாண்டில், குதுப் ஷாகி மன்னன் இப்ராகிம் குலி காலத்தில் எழுந்த அவ்வேரியின் கரை, இன்று ஐதராபாத்தையும் சிகந்தராபாத்தையும் இணைக்கும் பெருவழியாகவும் விளங்குகின்றது. முதியோர் கைத்தடியூன்றி நடப்பர், இளைஞர் ஓடுவர், மகளிர் இருவர் மூவராய்ப் பேசிக்கொண்டே செல்வர். ஏரியின் நடுவே, பாறைமீது 58 அடி உயரமுள்ள புத்தர் பெருமானின் கற்சிலை நின்று அனைவரையும் நோக்குவது போல் தோன்றும்.

அக்கூட்டத்தைக் காணுங்கால் நம் உள்ளத்தில் ஒரு வினா எழுகின்றது. இவர்கள் எல்லாரும் நடக்கின்றனர். ஆயின் எல்லாரும் ஒன்றையே செய்கின்றனரா? அவருள் ஒருவர் கள்ளை விட்டு மூன்று திங்களானவராக இருக்கலாம். கடைப்பக்கம் கால் போகாதிருக்கும் பொருட்டு இவ்வழியே நடப்பவராகலாம். மற்றொருத்தி, முன்னாள் திருமண விருந்தில் உண்ட இரண்டு கவளத்திற்குத் தண்டம் செலுத்த நடப்பவளாகலாம். காண்பார் கண்ணுக்கு இருவர் நடையும் ஒன்றே. ஆயினும் முன்னவர் சிறையினின்று வெளியே நடக்கின்றார். பின்னவள் சிறைக்குள்ளேயே நடக்கின்றாள். குடி முதலிய பழக்கங்களினின்றும், உணவு பற்றிய உளநோய்களினின்றும் மீள்வார்க்கு உடற்பயிற்சி துணை செய்யுமா, செய்யுமெனின் எந்நிலையில், எம்மனத்தோடு செய்தல் வேண்டும் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருளாகும்.

ஆராயுமுன் ஒரு பழியை நீக்கிக் கொள்ளுதல் நலம். குடிப்பவனை உலகம் அடக்கமில்லாதவன் என்கின்றது. உண்ண மறுத்து மெலியும் பெண்ணைப் பிடிவாதக்காரி என்கின்றது. அளவின்றி உண்டு, மறைவிற் சென்று வாந்தியெடுப்பவரை நாணமற்றவர் என்கின்றது. நம் முன்னோர் அவ்வாறு எண்ணினாரல்லர். மணிமேகலைக் காப்பியத்துள் காயசண்டிகை என்பாள் ஒருத்தி வருகின்றாள். முனிவன் ஒருவன் பன்னீராண்டுக்கு ஒருமுறை உண்ணும் நாவற்கனியைக் காலாற் சிதைத்தமையால், பன்னீராண்டுகள் எத்துணை உண்டும் தீராத பசிக்கு ஆளானாள். அதற்கு யானைத்தீ என்று பெயர். காப்பியம் அதனை நோயென்றே கூறுகின்றது; அவளைப் பெருந்தீனிக்காரி என்று இகழவில்லை. அவளது நோய் தீர்ந்ததும் அறிவுரையால் அன்று. மணிமேகலை அமுதசுரபியினின்று அன்போடு இட்ட உணவால் தீர்ந்தது. நோயை நோயென்று அறிதலும், நோயுற்றாரை இகழாது அணுகுதலும் மருந்தின் முற்பகுதி என்பதை இக்கதை நமக்கு உணர்த்துகின்றது.

குடி என்பது மனத்தை மட்டும் பற்றுவதன்று, உடலையும் தளையிடுவது என்பதற்கு இந்நகரிலேயே சான்று உளது. தெலங்கானா மக்களிடையே கள் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒன்று. ஐதராபாத் நகரில் 2004-ஆம் ஆண்டில் மூடப்பட்ட கள்ளுக்கடைகள், தனிமாநிலம் அமைந்த 2014-ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டன. ஆயின் மரத்தினின்று இறங்குவது வேறு. கடையில் விற்பது பலவிடங்களில் வேறு. மரங்கள் குறைந்து, குடிப்போர் பெருகிய இடத்தில், குளோரல் ஹைட்ரேட், டயசிபாம், அல்பிரசோலம் முதலிய மயக்க மருந்துகளை நீரிற் கலந்து கள்ளென விற்கும் கொடுமை தோன்றியது. 2025 சூலைத் திங்களில் நகரின் குக்கட்பள்ளிப் பகுதியில் இத்தகைய கலப்படக் கள் பல உயிர்களைக் குடித்தது.

இக்கலப்படத்தின் மற்றொரு தீமை, அதனை நிறுத்தும்போது வெளிப்படுகின்றது. 2015-ஆம் ஆண்டில் கலப்படத்தை அரசு ஒடுக்கியபோதும், 2020 மார்ச்சு இறுதியில் கொள்ளைநோய் ஊரடங்கால் கடைகள் ஒருங்கே அடைக்கப்பட்டபோதும், நடுக்கமும் வலிப்பும் பிதற்றலும் உற்ற மக்கள் எர்ரகட்டா அரசு மனநல மருத்துவமனைக்குக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுவரப்பட்டனர். அவருட் பலர் உழைத்துண்ணும் ஏழைகள். அவர்கள் மயக்க மருந்துக்கு அடிமையானோம் என்று அறிந்தாரல்லர். மாலையில் ஒரு சீசாக் கள் குடித்தோம் என்றே அறிந்திருந்தனர். மனவுறுதி அற்றமையால் இவர்கள் வலிப்புற்றனர் என்று கூறுவார் உளரா?

ஆகவே முதற்கண் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடல் வேண்டும். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தின், முதல் இரண்டு நாள்களில் வலிப்பு வரக்கூடும். இரண்டு மூன்று நாள்களில் அறிவு தடுமாறி, உயிருக்கே இடர் நேரக்கூடும். மயக்க மருந்துகளை நிறுத்துவோர்க்கும் இத்தகைய இடர்கள் உண்டு. அந்நாள்களில் வேண்டுவது மருத்துவமனையும் மருந்தும் உறக்கமுமே. "எழுந்து ஓடு, வியர்த்தால் விடம் இறங்கிவிடும்" என்று கூறுவோர் நம்மிடையே உளர். அது தவறான அறிவுரை. சிலர்க்கு உயிர்க்கேடாகவும் முடியும். நடைக்குரிய காலம் பின்னரே வருகின்றது.

அப்பின்னைக் காலமே உண்மையில் நெடியது. மருத்துவமனையிற் கழிவது சில கிழமைகள். வீட்டிற் கழிவது வாழ்நாள். நெடுங்காலம் போதையால் தூண்டப்பட்ட மூளையில், இன்பத்தை உணர்த்தும் டோபமின் என்னும் பொருளின் இயக்கம் மங்கிவிடுகின்றது. அதனால் இசையும் உணவும் குழந்தையின் மழலையும் சுவையற்றுப் போகின்றன. உறக்கம் கெடுகின்றது. மனச்சோர்வு சூழ்கின்றது. "குடியை விட்டேன், அதற்குக் கிடைத்த பயன் இதுதானா?" என்று அவர் கேட்கின்றார். இவ்வெறுமையில்தான் பலர் மீண்டும் வழுக்கி விழுகின்றனர்.

உடற்பயிற்சி இவ்விடத்தில் தன் பணியைத் தொடங்குகின்றது. அது உறக்கத்தைத் திருத்துகின்றது; சோர்வைத் தணிக்கின்றது; செயற்கைத் தூண்டல் இல்லாமலே உடல் மகிழ்வுறக் கூடும் என்பதை மறந்துபோன உடலுக்கு மெல்ல நினைவூட்டுகின்றது. பெங்களூரு நிம்ஹான்சு நிறுவனத்தில், குடியை நிறுத்தி ஒரு கிழமை சென்ற 60 நோயாளரிடையே நடந்து 2006-இல் வெளியான ஆய்வு ஒன்றில், சுதர்சன கிரியா என்னும் மூச்சுப் பயிற்சியை இரண்டு கிழமை செய்தவர்க்கு, செய்யாதவரினும் மனச்சோர்வு மிகுதியாகக் குறைந்தது. உளஇறுக்கத்தின்போது சுரக்கும் கார்ட்டிசாலும் தாழ்ந்தது. புகைப்பிடிப்போரை வைத்து நடந்த ஆய்வுகளோ, சிறிது நேரம் விரைந்து நடந்தாலே புகைக்கும் வேட்கை அப்போதைக்குத் தணிகின்றது எனக் காட்டியுள்ளன. வேட்கை என்பது அலை போன்றது. எழும், உச்சியை எட்டும், அடங்கும். அது அடங்கும்வரை கால்களுக்கு ஒரு வேலை இருப்பின், கைகள் தீயதை நாடா.

ஆயினும் மிகைபடக் கூறுதல் நம் நெறியன்று. புகையை விடுவதற்கு உடற்பயிற்சி துணைசெய்யுமா என்ற ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2019-ஆம் ஆண்டுக் காக்ரேன் மதிப்பீடு, பயிற்சியால் நெடுநாள் விடுதலை கூடுகின்றது என்பதற்குத் தக்க சான்று கிட்டவில்லை என்றே முடித்தது. முரணாகத் தோன்றும் இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாதல் கூடும். நடை ஒரு மாலைப்பொழுதைக் காக்கும். அடுத்த மாலையைக் காக்க வேறு துணைகளும் வேண்டும். மருத்துவம், மனந்திறந்த உரையாடல், வீட்டாரின் பொறுமை, ஒத்த துன்பம் உற்றாரின் கூட்டம் ஆகியவற்றோடு சேர்ந்த ஒன்றாகவே பயிற்சி பயன் தரும். சென்னையில் 1980-ஆம் ஆண்டில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம், குடிநோயரை மட்டுமின்றி அவர்தம் குடும்பத்தையும் சேர்த்தே மருத்துவத்திற்கு உட்படுத்துவதன் கருத்தும் இதுவே. தனியே நடப்பவனினும் துணையோடு நடப்பவன் தொலைவு செல்வான்.

இனி இரண்டாவது நோய்க்கு வருவோம். இங்கே நடை நஞ்சாகவும் கூடும்.

உணவை மறுத்து மெலியும் நோய் மேல்நாட்டாரின் செல்வ நோய் என்று நம்மவர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். ஆயின் 1998-ஆம் ஆண்டிலேயே சென்னை மருத்துவ மாணவரிடையே உணவு பற்றிய உளத்துன்பம் ஆராயப்பட்டு, கட்டுரை வெளிவந்துள்ளது. இன்று ஐதராபாத்தின் மாதாப்பூரிலும் கச்சிபௌலியிலும் உடற்பயிற்சிக் கூடங்கள் தெருத்தோறும் உள. கண்ணாடிச் சுவர்கள் சூழ ஓடுபொறியில் ஓடும் இளையோர் அனைவரும் நலத்திற்காகவே ஓடுகின்றனர் என்று கூறவியலாது. உண்டதை வாந்தியால் போக்குவார் போலவே, ஓட்டத்தால் போக்குவாரும் உளர். காய்ச்சலிலும் ஓடுவர், கால் நரம்பு பிசகியும் ஓடுவர், ஒருநாள் ஓடாவிடின் அன்று உணவை விலக்குவர். வீட்டாரோ, "எவ்வளவு ஒழுக்கமான பிள்ளை!" என்று மகிழ்வர்.

1967-ஆம் ஆண்டில் வெளியான எலி ஆய்வு ஒன்று இவ்விடத்து நினைக்கத் தக்கது. நாளொன்றுக்கு ஒருமணி நேரமே எலிகளுக்கு உணவு வைக்கப்பட்டது. ஓடும் சக்கரம் இல்லாத கூண்டில் இருந்தவை அவ்வளவு நேரத்திலேயே வேண்டுவதை உண்டு உயிர்வாழக் கற்றுக்கொண்டன. சக்கரம் உள்ள கூண்டில் இருந்தவையோ, நாள்தோறும் மேன்மேலும் ஓடின; உண்ண வேண்டிய நேரத்திலும் குறைவாகவே உண்டன; மெலிந்து மெலிந்து மாண்டன. சக்கரத்தில் ஏறுமாறு எவரும் அவற்றை அடித்து விரட்டவில்லை. பட்டினியே ஓட்டத்தைத் தூண்டிற்று. ஓட்டம் பசியை மழுக்கிற்று. 19-ஆம் நூற்றாண்டில் இந்நோய்க்குப் பெயரிட்ட ஆங்கில மருத்துவர் வில்லியம் கல் என்பாரும், எலும்புந்தோலுமாய் மெலிந்த பெண் ஓயாது இயங்கிக்கொண்டிருந்ததைக் கண்டு வியந்து எழுதியுள்ளார்.

மற்றொரு சான்றும் உண்டு. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944–45 ஆண்டுகளில், மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர், போரில் கொல்லமாட்டோம் என மறுத்த 36 இளைஞரை அவர்தம் இசைவோடு 24 கிழமை அரைப்பட்டினி இட்டு ஆராய்ந்தார். கிழமைதோறும் 22 மைல் நடப்பதும் அவர்களுக்குரிய கடமையாயிருந்தது. கொள்கைக்காக ஊரார் பழியையும் ஏற்ற உறுதிப்பாடுடைய அவ்விளைஞர்கள், சில திங்களில் உணவன்றி வேறொன்றையும் எண்ணமாட்டாதவராயினர். சமையல் நூல்களைப் படித்தனர், தட்டை நக்கினர், சிடுசிடுத்தனர். உணவு மீண்டும் கிடைத்தபின்னும் பலர்க்கு நெடுநாள் நிறைவு வரவில்லை. குணக்கேடு என்று நாம் எண்ணுவதில் எத்துணைப் பங்கு பட்டினியின் செயல் என்பதை இவ்வாய்வு காட்டிற்று.

ஆதலின் மிக மெலிந்தார்க்கு முதல் மருந்து உணவும் ஓய்வுமே. அவர்தம் இதயத் துடிப்பு தளர்ந்திருக்கும், குருதியில் பொட்டாசியம் குறைந்திருக்கும், எலும்பு நொய்ந்திருக்கும். உணவையும் திடீரெனப் பெருக்கலாகாது. குருதியிலுள்ள பாசுபேட்டு சட்டென்று தாழ்ந்து, உயிர்க்கு இடராகும். மருத்துவர் மேற்பார்வையில் உடல் தேறி, இதயம் நிலைபெற்ற பின்னரே, மெல்லிய நீட்சிப் பயிற்சியும் தசைக்கு வலிவூட்டும் பயிற்சியும் சிறிது சிறிதாக இடம்பெறலாம். மிகு மெலிவில்லாது, அளவிறந்து உண்ணும் நோயுற்றார்க்கோ பயிற்சி பெரிதும் உதவக்கூடும். அத்தகைய பெண்களைக் கொண்டு நார்வே நாட்டில் நடந்த ஆய்வில், குழுவாகச் செய்த உடற்பயிற்சியும் உணவறிவும் இணைந்த முறை, உளமருத்துவ உரையாடல் முறைக்கு ஏறக்குறைய ஈடான பயனைத் தந்தது. ஒரே பயிற்சி ஒருவர்க்கு நஞ்சாகவும் மற்றொருவர்க்கு மருந்தாகவும் அமைகின்றது என்றால், நஞ்சும் மருந்தும் பயிற்சியில் மட்டும் இல்லை என்பது பெறப்படும்.

அவை எங்கு உள? உடலை நாம் எவ்வாறு நடத்துகின்றோம் என்பதில் உள.

உடலைப் பகையெனக் கொள்வது பழைய பிழை. சித்தார்த்தர் ஆறாண்டு உணவைச் சுருக்கித் தம் உடலை வாட்டியதும், வயிற்றைத் தொட்டால் முதுகெலும்பு கைக்கு அகப்படுமளவு மெலிந்ததும், பின்னர் இவ்வழி அறிவுக்கு வழியன்று எனத் தெளிந்து உணவேற்றதும் யாவரும் அறிந்தது. உடலை ஒறுத்தல் என்னும் வழியில் அவரினும் தொலைவு சென்றார் அரியர். சென்று மீண்டவரின் சொல்லுக்கு மதிப்பு உண்டன்றோ? அவரே நடையை விலக்கினாரல்லர். வைசாலியில் விருந்துணவு மிகுந்து துறவியர் நோயுற்றபோது, மருத்துவன் சீவகன் வேண்டியவாறு உலாவுதற்குரிய இடத்தையும் வெந்நீர் அறையையும் அவர் இசைந்தளித்தார் என்று வினயநூல் கூறுகின்றது. உலாவுதலின் பயன் ஐந்து எனப் பிறிதோரிடத்துக் கூறப்பட்டுள்ளது: வழிநடைக்கு ஆற்றல், முயற்சிக்கு ஆற்றல், நோயின்மை, உண்டது செரித்தல், மனவொருமை நெடிது நிற்றல் என்பன. இவ்வைந்தனுள் உடலை ஒறுத்தலும் இல்லை. உண்டதற்குத் தண்டமும் இல்லை.

இந்நாளில் தண்டத்தைக் கணக்கிட்டுத் தரும் கருவிகள் பெருகியுள. கைபேசியும் கைக்கடிகாரமும் நாம் வைக்கும் அடிகளை எண்ணுகின்றன. நாளொன்றுக்கு 10,000 அடி நடந்தாற்றான் நலம் என்று பலர் நம்புகின்றனர். அவ்வெண் மருத்துவ ஆய்விற் பிறந்ததன்று. 1965-ஆம் ஆண்டில் சப்பானில் விற்பனைக்கு வந்த அடியெண்ணும் கருவியின் பெயரிற் பிறந்தது. நலமுடையார்க்கு அது தீங்கற்ற விளையாட்டு. நோயினின்று மீள்வார்க்கோ, 9,800-இல் நின்ற எண், இரவு பதினொரு மணிக்கு அறைக்குள் அவரைச் சுற்றிச் சுற்றி நடக்கச் செய்யும் சாட்டையாகின்றது. குடியை விட்டவர் அதே வெறியோடு ஓட்டத்தைப் பற்றுவதும் உண்டு. தளை மாறியதேயன்றி விடுதலை வந்ததில்லை.

எனவே, மீள்வார் ஒவ்வொருவரும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளத்தக்க வினாக்கள் சில உள. இன்று நடவாது அமைதியாக இருக்க என்னால் இயலுமா? நடந்தாலும் நடவாவிடினும் எனக்குரிய உணவை உண்பேனா? உடல் நோகின்றது என்று சொன்னால் அதற்குச் செவிகொடுப்பேனா? நடந்து திரும்பும்போது மனம் விரிகின்றதா, கணக்குப் பார்க்கின்றதா? முதல் மூன்றற்கும் 'ஆம்' என்று விடைவரின், நடை அவர்க்குத் துணை. 'இல்லை' என்று வரின், கால்களை நிறுத்தித் தக்க மருத்துவரிடம் மனத்தைத் திறத்தல் வேண்டும். நிறுத்த இயலாத நன்மை எதுவும் நன்மைதானா என ஐயுறல் தகும்.

வீட்டார்க்கும் ஒரு சொல். கோசல நாட்டு வேந்தன் பசேனதி ஒரு மரக்கால் அரிசிச் சோற்றை உண்டு, மூச்சிரைக்கப் புத்தரை அணுகினான். அவர் அவனை நகைத்திலர். அளவறிந்து உண்பதன் நலத்தைச் சிறிய சொல்லால் கூறினார். அருகிருந்த சுதர்சனன் என்னும் இளைஞன் அதனை மனப்பாடம் செய்து, அரசன் உண்ணும்போது நாள்தோறும் கூறிவந்தான். அரசன் ஒரே நாளில் உணவைத் துறக்கவில்லை. படிப்படியாகக் குறைத்து நாழியரிசிச் சோற்றில் நின்றான். ஒருநாள் தேறிய தன் உடலைத் தானே கையால் தடவி மகிழ்ந்தான் என்று கதை முடிகின்றது. இக்கதை மிகையுணவுக்கு உரியது. மெலிந்தார்முன் இதனை ஓதலாகாது. எனினும் இருசாரார்க்கும் பொதுவான பாடம் இதிலுண்டு. இகழ்ச்சியின்மை, அருகிலொரு துணை, படிப்படியான மாற்றம், முடிவில் தன் உடலோடு தான் கொள்ளும் நட்பு என்பனவே அவை. உடல் எடையைப் பற்றிய பேச்சைக் குறைத்து, "வா, ஏரிவரை நடந்து வருவோம்" என்று அழைப்பவரே சிறந்த உறவினர். வழியில் அவர் களைத்தால் தாமும் அமர்வர்; திரும்பியதும் உடனமர்ந்து உண்பர்.

உசேன் சாகரின் நடுவே நிற்கும் அச்சிலை எளிதில் அங்கு வந்து நின்றதன்று. 1990-ஆம் ஆண்டில் மிதவையில் ஏற்றிச் செல்லுங்கால் கவிழ்ந்து, உயிர்களையும் பலிகொண்டு, ஏரியின் அடியில் விழுந்தது. இரண்டாண்டுக்கு மேல் நீரடியிற் கிடந்து, 1992 திசம்பரில்தான் எழுந்து தன் இடத்தில் நின்றது. கிடந்த காலத்தில் அது கல்லன்று என்று எவரும் கூறவில்லை. எடுக்கத் தகாதது என்று கைவிடவும் இல்லை. நம்மிடையே வீழ்ந்து கிடப்பாரையும் அவ்வாறே நினைப்போமாக. நாளைக் காலை அக்கரையில் நடப்போர், தம் அருகில் மெல்ல நடக்கும் ஒருவரைக் காணின், விரைந்து முந்தாது சற்றுத் தூரம் உடன் நடப்பாராக. அவர் எதினின்று மீண்டு வருகின்றார் என்பதை நாம் அறியோம்.